தங்கராணி அழாத ஒன்பது நாள்

ஆரையம்பதியில் தங்கராணி ஒப்பாரி வைத்தால் வாவியில் பாடுகிற மீன்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். நான் மீன்களிடம் விசாரிக்கவில்லை. ஆனால் டென்மார்க்கில், இக்காஸ்ட் என்ற ஊரில், ஒரு செத்த வீட்டில் அவருடைய குரலைக் கேட்டிருக்கிறேன். பெட்டிக்குள் கிடந்தவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒருவருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொன்னவரில்லை. தங்கராணி அரை மணித்தியாலம் அழுது முடித்தபோது அவர் பாதி மகான் ஆகிவிட்டார். இருபது வருசம் அவரோடு முகம் கொடுத்துப் பேசாத மனைவி, வேறு யாரையோ மாற்றி வைத்துவிட்டார்களா என்று எழும்பிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பெட்டி தூக்க வந்த டேனிஷ்காரர் இருவரும் தொப்பியைக் கழற்றியவர்கள், திரும்பப் போட மறந்து, மழையில் நனைந்தபடி நின்றார்கள்.

அப்படிப்பட்ட தங்கராணி தன் சொந்த மகன் செத்ததற்கு ஒன்பது நாள் ஒரு சத்தமும் போடவில்லை. இருந்தது வாடகை வீடு.

புருசன் மாமாங்கம் தொண்ணூற்றொன்றில் டென்மார்க் வந்தவர். தளபாடத் தொழிற்சாலையில் பலகைக்கு மெருகு பிடிக்கிற வேலை. மனைவியையும் பிள்ளைகளையும் எடுக்கக் கடதாசி எல்லாம் சரிவர எட்டு வருசம் போனது. சரிவந்த அன்று மகன் பிரியந்தனுக்குப் பதினெட்டு முடிந்து நாற்பது நாள். பதினெட்டுக்கு மேல் பிள்ளை இல்லை, ஆள் என்று சொல்லிவிட்டார்கள். தங்கராணி மகள் நிலுஷாவை மட்டும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினார். அந்த நாற்பது நாளை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. எந்தக் கந்தோரில் எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று பிரித்துப் பிரித்துச் சொல்வார்.

பிரியந்தன் பிறகு கிளிநொச்சிக்குப் போய் நவரத்தினம் என்ற யாழ்ப்பாணத்து வியாபாரியிடம் வான் ஓட்டினான். நவரத்தினத்தின் அக்கா சரசாம்பிகை இக்காஸ்டில் இருந்தார். அந்தத் தொடர்பில்தான் மாமாங்கம் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. கீழ்த்தட்டில் சொந்தக்காரர் தவராஜாவும் சரசாம்பிகையும், மேல்தட்டில் இவர்கள். எழுத்து, கையெழுத்து ஒன்றும் இல்லை. "உங்கடை பெடியன் எங்கடை ஆளோடை நிக்கிறான், பிறகென்ன எழுத்து" என்றார் தவராஜா. பத்து வருசம் அப்படியே போனது. நிலுஷா அந்த வீட்டிலிருந்துதான் இஷொய் என்ற ஊருக்குக் கலியாணம் கட்டிப் போனாள்.

இரண்டாயிரத்து ஒன்பது வைகாசி. கிறிஸ்து விண்ணேறிய வியாழக்கிழமை, நாட்டுக்கே விடுமுறை. காலை பத்து மணிக்கு மாமாங்கத்தின் போன் அடித்தது. வவுனியா முகாமிலிருந்து ஒரு பெண், யாரிடமோ இரவல் வாங்கிய போனில் மூச்சுவிடாமல் சொன்னாள். நவரத்தினமும் வான் ஓட்டின பெடியனும் ஒரே பங்கருக்குள். பதினாலாம் திகதி. நானும் இன்னும் இரண்டு பேரும் மண்ணை மூடிவிட்டு ஓடி வந்தோம். தொடர்பு அறுந்துபோனது.

தங்கராணி குளியலறைக்குள் இருந்தார். மாமாங்கம் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டு வீட்டுச் சாவு. ஆம்பிளைக்கு ஆம்பிளை சொல்வதுதான் முறை என்று படியிறங்கிப் போனார். தவராஜா முற்றத்தில் கார் கழுவிக்கொண்டு நின்றார். கேட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் அவருடைய சப்பாத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்ல. அவளுக்கே இன்னும் சொல்லல்ல."

"சொல்லாதேங்கோ அண்ணை."

"பெத்தவ, தம்பி."

"அப்ப சொல்லுங்கோ. ஆனால் சத்தம் கீழை வரக்கூடாது. சரசுவுக்குத் தெரியக்கூடாது. வாற ஆறாந் திகதி எங்கடை மகள் நிலக்ஷியின்ரை கலியாணம். ரெண்டு இடம் பேசிக் குழம்பினது உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் நோர்வேயிலிருந்து வெளிக்கிடப் போயினம். செத்தது தாய்மாமன் எண்டால் ஐயர் தாலியைத் தொடுவாரே? பதினாறு நாள். பதினாறே நாள், கலியாணம் முடிய நானே அவளுக்குச் சொல்லுறன். அதுக்குப் பிறகு நீங்கள் வீட்டை இடிச்சு விழுத்திற மாதிரி அழுங்கோ."

அவர் அதைச் சொல்லும்போது அழுதுகொண்டுதான் சொன்னார். நவரத்தினம் அவருக்கும் மச்சான். சின்ன வயதில் ஒரு சைக்கிளில் மூன்று பேராக வைரவர் கோயிலுக்குப் போனவர்கள். பிறகு முகத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுக் காரின் மறுபக்கத்தைக் கழுவப் போனார்.

மாமாங்கம் மேலே வந்து தூசி உறிஞ்சுகிற இயந்திரத்தைப் போட்டார். அதன் இரைச்சலுக்குள், ஒரு கையால் மனைவியின் வாயைப் பொத்திக்கொண்டு, காதுக்குள் சொன்னார். தங்கராணி அந்தக் கையைக் கடித்தார். தழும்பு இன்னமும் இருக்கிறது. கேட்டால் மெருகு பிடிக்கிற இயந்திரம் பட்டது என்பார் மனிதர்.

வெள்ளிக்கிழமை கீழே பலகாரச் சூடு. மோட்டார் கொட்டகையில் இரண்டு பெரிய அடுப்பு, ஏழெட்டுப் பெண்கள். தங்கராணி போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனால் செத்த வீட்டுத் துடக்குக் கை கலியாணப் பலகாரத்தில் படும். இரண்டில் எது பெரிய பாவம் என்று புருசனும் பெண்சாதியும் கண்ணாலேயே கேட்டுக்கொண்டிருந்தபோது படியடியில் சரசாம்பிகையின் குரல் கேட்டது.

"தங்கராணி அக்கா! எண்ணெய் கொதிச்சு ஆறப்போகுது. என்ன, மேலை பொம்பிளை அலங்காரமே நடக்குது?"

போனார். கரண்டியை எடுத்தார். பயற்றம் பணியாரம் எண்ணெய்க்குள் போட்டுப் போட்டு எடுத்தார்.

"அக்கா இண்டைக்கு வாயே திறக்கேல்லை" என்றாள் ஒருத்தி.

"அவ குரலைச் சேத்து வைக்கிறா. தாலி கட்டேக்கை எல்லாரையும் அழவைக்க" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

சரசாம்பிகை மாவைக் குழைத்தபடி சொன்னார்: "என்ரை தம்பி மட்டும் முகாமிலை இருந்து ஒரு போன் எடுத்திட்டான் எண்டால் காணும். உங்கடை பெடியனும் அவனோடைதானே அக்கா நிப்பான். ரெண்டு பேரும் சேந்து நிண்டால் பயமில்லை."

"ஓம்" என்றார் தங்கராணி. "சேந்துதான் நிக்காங்க."

சரசாம்பிகை ஒரு பணியாரத்தை இரண்டாகப் பிய்த்து, ஊதி, தங்கராணியின் வாய்க்குள் வைத்தார். "இனிப்புக் காணுமோ சொல்லுங்கோ." தங்கராணி மென்று விழுங்கிவிட்டு, காணும் என்று தலையாட்டினார்.

இக்காஸ்டில் ஒரு தமிழர் தும்மினால் ஹெர்னிங்கில் ஒருத்தர் 'நூறு வயசு' என்பார். அப்படி ஊர். முகாமிலிருந்து இன்னொரு போன் இன்னொரு வீட்டுக்கு வந்திருக்கிறது. அதில் பிரியந்தன் பெயர் மட்டும் அடிபட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெர்னிங்கிலிருந்து மாமாங்கம் குடும்பத்துக்குத் தெரிந்த மேரிசெலினும் புருசனும் கறுப்பு உடுப்போடு வந்து, வாசலில் இருக்கிற இரண்டு மணியில் கீழ்வீட்டு மணியை அடித்துவிட்டார்கள். நல்ல வேளையாகத் திறந்தவர் தவராஜா. "அவை வெளியிலை போட்டினம்" என்று சொல்லி, கார் வரை கூட்டிக்கொண்டுபோய் ஏற்றி, தெரு முடக்கு வரை கை காட்டிவிட்டு நேரே மேலே வந்தார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கதைத்தார்.

"அண்ணை, இனிச் சரிவராது. இண்டைக்கு ரெண்டு பேர், நாளைக்கு இருவது பேர் வருவினம். புதனுக்குள்ளை நீங்கள் எழும்ப வேணும். வான் நான் பிடிச்சுத் தாறன். ஆளும் பிடிச்சுத் தாறன். சரசுவுக்குச் சொல்லுங்கோ, மகளோடை போய் இருக்கப்போறம் எண்டு."

"வியாழன் எட்டு" என்றார் தங்கராணி, எட்டாம் நாள் படையலைச் சொல்லி. மூன்று நாளில் அவர் தவராஜாவுடன் கதைத்த முதல் சொல் அது.

"எட்டை மகள் வீட்டிலை வையுங்கோவன்."

"மகள் இரிக்கிறது மாமி வீட்டில தம்பி. அவ போனில சொல்லிப்போட்டா, வாங்க, இரிங்க, சாப்பிடுங்க, எட்டு மட்டும் இஞ்ச வேணாம் எண்டு. ஒங்கட வீட்டுச் சாவுச் செலவ எங்கட வீட்டுக்குள்ள வையுங்க எண்டு ஆரு சொல்லுவா? நீங்க சொல்லுவீங்களா?"

தவராஜா கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"என்ட புள்ளைக்கு ஒடம்பும் இல்ல, சாம்பலும் இல்ல. ஒரு எட்டு வைக்க ஒரு வீடும் இல்லையா? இது நாங்க பத்து வருசமா இரிக்கிற வீடு."

"என்ரை வீடு அக்கா" என்றார் தவராஜா. கோபமாகச் சொல்லவில்லை. மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னார். அதுதான் தங்கராணிக்குப் போய்த் தைத்தது. புதன்கிழமைக்குள் என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

தங்கராணி வேலை செய்தது ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கழுவுகிற தொழிற்சாலையில். ஈர விரிப்பின் ஒரு மூலையை இவர் பிடிக்க, மற்ற மூலையை பிர்த்தே என்ற டேனிஷ்காரி பிடிப்பாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்து, சுடுகிற உருளைக்குள் நேராக விடவேண்டும். ஏழு வருசம் எதிரெதிரே நின்று இழுத்தவர்கள். இவருடைய டேனிஷ் அரைகுறை, அவளுடைய தமிழ் 'ஐயோ' ஒன்றுதான். திங்கட்கிழமை விரிப்புகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கோணலாகப் போயின. நாலாவது விரிப்பு உருளையில் சுருண்டபோது பிர்த்தே சிவப்புப் பொத்தானை அழுத்தி இயந்திரத்தை நிற்பாட்டிவிட்டாள். இரைச்சல் நின்றதும்தான் தெரிந்தது, தங்கராணி காலையிலிருந்து அந்த இரைச்சலுக்குள் முனகிக்கொண்டிருந்தது.

பிர்த்தே எல்லாவற்றையும் கேட்டாள். மகன் செத்ததற்கு அழுதாள். வீட்டை விட்டுப் போகச் சொன்னதற்குக் கோபப்பட்டாள். கோபம்தான் அவளுக்கு நன்றாக வந்தது.

"போகச் சொல்ல அவனுக்கு உரிமை இல்லை. ஒரே வீட்டில் சொந்தக்காரரும் குடியிருந்தால்கூட ஒரு வருசம் முன்கூட்டியே எழுத்தில் தரவேண்டும். மூன்று நாளாம்! வா, நாளைக்கு நான் கூட்டிப்போகிறேன்."

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து குடியிருப்பவர்களுக்கான சங்கத்துக்குப் போனார்கள். கண்ணாடி போட்ட ஒரு சின்னப் பெண் மிக மரியாதையாகக் கேட்டாள். என்ன காரணம் சொல்லிப் போகச் சொன்னார்? தங்கராணி சொன்னார். மகன் செத்ததை, மகனோடு ஒரே குழியில் வீட்டுக்காரியின் தம்பி செத்ததை, அது வீட்டுக்காரிக்குத் தெரியாததை, கலியாணத்தை, எட்டை. இத்தனையும் இந்தப் பிள்ளைக்கு எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. கந்தோர் என்றால் முழுக்கதையையும் சொன்னால்தான் நம்புவார்கள் என்பது, அகதி விசாரணையிலிருந்து எங்கள் ஆட்களின் எலும்புக்குள் இறங்கின பழக்கம். ஒரு திகதியை விட்டால் எல்லாம் பொய் என்று எழுதிவிடுவார்களே என்ற பயம். அந்தப் பெண்ணும் ஒன்றையும் விடாமல் எழுதினாள்.

"இது வேற ஒருத்தருக்கும் போகாதுதானே?" என்று பிர்த்தேயை விட்டுக் கேட்டார்.

"இல்லை, வீட்டுப் பதிவில் இருக்கிற சொந்தக்காரருக்கு மட்டும்தான்" என்றாள் பெண்.

தங்கராணிக்குத் தெரிந்த சொந்தக்காரர் தவராஜா. பத்து வருசத்தில் வாடகையைக் கையில் வாங்கினவர் அவர், கூரை ஒழுகினால் ஏணி வைத்து ஏறினவர் அவர். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர் சொந்தக்காரராக இருக்கலாம், பதிவில் பெண்சாதியின் பெயர் புருசனின் பெயருக்கு மேலேகூட இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவேயில்லை. கையெழுத்து வைத்துவிட்டு வந்தார்.

புதன்கிழமை தவராஜா பிடித்த வான் வந்தது. மாமாங்கம் படியில் நின்று, "தம்பி, சட்டப்படி ஒரு வருசம் இரிக்கு. நாங்க போகல்ல. சத்தமும் போடல்ல" என்றார். கீழே சரசாம்பிகை வாசலுக்கு வரப்போகிறார் என்று தவராஜா வானை அவசரமாகத் திருப்பி அனுப்பினார்.

வியாழக்கிழமை எட்டு வைத்தார்கள். சோறும் கணவாய்க் கறியும் முட்டைப் பொரியலும், பிரியந்தனுக்குப் பிடித்த சோடா ஒன்றும். யன்னல் எல்லாம் பூட்டு. மாமாங்கம் தேங்காயைத் துவாயில் மூன்று சுற்றுச் சுற்றி, குளியலறை நிலத்தில் வைத்து, அதன்மேல் தலையணையும் வைத்து அமத்திக்கொண்டு, சுத்தியலால் அடித்தார். அது உடையவில்லை. நாலாவது அடிக்குத்தான் உடைந்தது, துவாய்க்குள் தண்ணீர் எல்லாம் போனது. கீழே யாரோ மேளக்காரருடன் போனில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். படையலுக்கு முன்னால் தங்கராணி சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு இருந்தார். அழுகை வயிற்றில் வந்து நிற்கும், நெஞ்சுக்கு வரும், தொண்டையில் துணி இருக்கும். திரும்பிப் போகும்.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை, தபால்காரி பதினொரு மணிக்கு வந்தாள். தவராஜா மண்டபம் பார்க்கப் போயிருந்தார். டேனிஷ் கடிதம் எது வந்தாலும் தாய்க்கு வாசித்துச் சொல்கிறவள் மகள் நிலக்ஷி. கையில் மருதாணி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள், மற்றக் கையால் உறையைக் கிழித்தாள். சங்கத்துக் கடிதம், சொந்தக்காரர் பெயர் இரண்டும் போட்டிருந்தது, தாயின் பெயர் முதலில். முதற் பந்தியை டேனிஷில் சத்தமாக வாசித்தாள். இரண்டாவது பந்தியில் குரல் நின்றது.

"என்ன பிள்ளை? வரிக்காரரே?"

"நே, அம்மா..." மேலே ஒன்றும் வரவில்லை. டேனிஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

"சொல்லன்."

சொன்னாள். பிறகு அந்த வீட்டுக்குள் ஒரு சத்தம் எழும்பியது. மேல்தட்டில் தங்கராணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சத்தத்தின் முதல் இழையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. செத்த வீட்டுச் சத்தத்தை அவரைவிட யார் அறிவார்? ஒன்பது நாள் தொண்டையில் நின்றதெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. கீழே ஒருத்தி 'என்ரை தம்பி' என்று அழ, மேலே ஒருத்தி 'என்ட மகனே' என்று எடுத்தார். கீழே குரல் நிற்கும்போது மேலே, மேலே மூச்சு வாங்கும்போது கீழே. அன்றைக்கு அந்தத் தெருவில் நாய் ஒன்றும் குரைக்கவில்லை, எதிர்வீட்டுப் புல்வெட்டி தானாக நின்றுபோனது என்பார்கள். எதிர்வீட்டுக்காரர் பிடியிலிருந்து கையை எடுத்திருப்பார். என்றாலும் நின்றது உண்மை.

பிறகு படியில் காலடி கேட்டது. தங்கராணி கையை விரித்துக்கொண்டு எழும்பினார். ஒருத்தியை ஒருத்தி கட்டிப்பிடித்துத் தலையோடு தலை முட்டி அழுவது வழக்கம். அதற்காகத்தான் ஏறி வருகிறா என்று நினைத்தார்.

சரசாம்பிகை வாசற்படியைத் தாண்டவில்லை.

"நீ தெரிஞ்சுகொண்டுதானே கரண்டி பிடிச்சனி."

"சரசு..."

"என்ரை தம்பி மண்ணுக்குள்ளை. நீ என்ரை கையாலை பணியாரம் வாங்கித் திண்டிட்டு இனிப்புக் காணும் எண்டு தலையாட்டினனி. சேந்து நிக்கினம் எண்டனி. என்ரை முகத்தைப் பாத்துச் சொன்னனி."

"ஒங்கட அவருதான் சொல்ல வேணாம் எண்டு..."

"அவர் ஆம்பிளை. அவருக்குக் கலியாணம், மண்டபம், மேளம். நீ பொம்பிளையெல்லோ? நீ அழுதிருக்க வேணும். நீ அழுதிருந்தால் எனக்குத் தெரிஞ்சிருக்கும். ஊர்ச் சனம் எல்லாத்துக்கும் அழுத வாய், என்ரை தம்பிக்கு மூடிக்கொண்டு இருந்தது."

என் மகனுக்கும்தான் மூடியிருந்தது என்று தங்கராணி சொல்லியிருக்கலாம்.

"எழும்பிப் போங்கோ" என்றார் சரசாம்பிகை. "கடுதாசி ஒரு வருசம் எண்டுதாம். ஒரு வருசம் இந்தப் படியிலை உன்ரை முகத்தைப் பாக்க என்னாலை ஏலாது."

பின்னேரம் தவராஜா வந்தார். கொட்டகையில் இருந்த பலகாரப் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கறுப்புப் பையில் கொட்டிக் கட்டினார். கலியாணம் மார்கழிக்குத் தள்ளிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் சம்மதித்தார்களா என்று அன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. மாமாங்கத்திடம் வந்து, "நீங்கள் இருங்கோ அண்ணை. நான் எழும்பச் சொன்னது பிழை. அவள் ஆறுவாள்" என்றார். மாமாங்கம் பெண்சாதியைப் பார்த்தார். தங்கராணி அலமாரியிலிருந்து உடுப்புகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

வேலையில் பிர்த்தே கத்தினாள். "உனக்கு விளங்குகிறதா? நீ வென்றுவிட்டாய்! கடிதம் வேலை செய்திருக்கிறது! ஒருவராலும் உன்னை எழுப்ப முடியாது!" தங்கராணி அவளுடைய கையைப் பிடித்துத் தடவிக்கொடுத்தார். டேனிஷில் அவருக்குத் தெரிந்த எந்தச் சொல்லாலும் அதை விளங்கப்படுத்தியிருக்க முடியாது.

மேரிசெலின் ஹெர்னிங்கில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை பார்த்துத் தந்தார். வான் சனிக்கிழமைதான் கிடைத்தது, ஆறாந் திகதி. கட்டில், மேசை, சாமிப் படங்கள், அரிசி மூட்டை, இன்னமும் பெட்டிக்குள் இருந்த பிரியந்தனின் படம். தவராஜா சொல்லாமலே வந்து கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். படி முடக்கில் கட்டில் இறுகியபோது, "உங்கடை பக்கம் உயத்துங்கோ அண்ணை", "இஞ்சால சரிங்க தம்பி" என்று இரண்டு பேரும் பத்து வருசம் போலவே கதைத்தார்கள்.

சரசாம்பிகை வெள்ளைச் சேலையோடு வெளி வாசலில் கதிரை போட்டு இருந்தார். துக்கம் கேட்க வருகிற ஆட்களுக்காக இருந்தாரோ, இவர்கள் போவதைப் பார்க்க இருந்தாரோ தெரியாது. வானில் ஏறுவதென்றால் அவரைக் கடந்துதான் போகவேண்டும்.

தங்கராணி கைப்பையோடு இறங்கி வந்தார். கதிரைக்கு முன்னால் நின்றார். பத்து வருசம் அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம், கடைக்கென்றாலும் வேலைக்கென்றாலும், வாய் தானாகச் சொன்னது ஒன்று இருந்தது. "போயிட்டு..." என்று வாய் திறந்துவிட்டது.

செத்த வீட்டிலிருந்து போகிறவர்கள் போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. போகிற வீடும் செத்த வீடு. ஏறப்போகிற வானுக்குள் இருந்ததும் செத்த வீடுதான்.

வாயை மூடிக்கொண்டார். சரசாம்பிகையும் தலையை நிமிர்த்தவில்லை. வாங்கோ என்று சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. தங்கராணி முறைப்படி, ஒன்றும் சொல்லாமல், திரும்பிப் பாராமல் போய் வானுக்குள் ஏறினார்.